கைரோபிராக்டிக் மாணவர்களும் அறிவியலுக்கு ஒவ்வாத உடல்நல நம்பிக்கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தை ஒரே திருப்பில் நெட்டி முறித்து, படுத்திருப்பவர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இந்தத் துறையைப் பற்றிக் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் வேறு வகையில் கேட்கிறார்கள்: "இந்தப் படிப்பில் சேர்க்கலாமா? அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?" எனக்கு அக்கறை உள்ள கேள்வி இந்த இரண்டாவதுதான். ஆகவே, மாணவர்கள் எதை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுற்றியே பதில்கள் அமைந்திருக்கின்றன.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

முதுகெலும்பையும் மற்ற மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் வலிக்குச் சிகிச்சை தரும் தொழில். அமெரிக்காவில் பிறந்தது. 1913இல் கான்சஸ் மாநிலம் முதன்முதலாக இதற்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக 1974இல் லூசியானா வந்து சேர்ந்தது. இன்று கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் சட்டப்படி பதிவு செய்துகொண்டே இத்தொழிலைச் செய்ய முடியும்.

நம் ஊரில் சுளுக்கு வழிப்பவரை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். மீதிப் பாதிதான் சிக்கல். சுளுக்கு வழிப்பவரிடம் கை பிசகினால் போவோம். குழந்தைக்கு ஆஸ்துமா என்று யாரும் அவரிடம் தூக்கிக்கொண்டு போவதில்லை. கைரோபிராக்டிக் பிறந்தபோதோ, உடலின் எல்லா நோய்க்கும் முதுகெலும்பே திறவுகோல் என்ற உரிமைகோரலோடு பிறந்தது.

திருப்பும்போது வரும் "டக்" என்ற சத்தம், விலகிய எலும்பு இடத்துக்கு வந்த சத்தம்தானே?

இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குழி உண்டாகிறது. விரலில் சொடக்கு எடுக்கும்போது நடப்பதும் இதுவே. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே விரலை இழுத்து இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள்.

அறிவியலுக்கு ஒவ்வாதவை என்று எந்த நம்பிக்கைகளைச் சொல்கிறீர்கள்?

"முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை உதவக்கூடும்" என்பதைச் சொல்லவில்லை. அதற்குச் சான்று உண்டு; பின்னால் வருகிறேன். நான் சொல்வது வேறு.

முதலாவது, "சப்லக்சேஷன்". மருத்துவத்தில் இச்சொல்லுக்கு மூட்டு பாதி விலகியிருப்பது என்று பொருள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். கைரோபிராக்டிக்கின் பழைய சித்தாந்தத்தில் இதே சொல்லுக்கு வேறு பொருள்: முள்ளெலும்பு ஒன்று சற்றே பிசகி, நரம்பின் வழியே போகும் உயிராற்றலைத் தடுக்கிறது, அந்தத் தடையே நோய். இப்படிப்பட்ட ஒன்று நோயை உண்டாக்குகிறது என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. 2009இல் கைரோபிராக்டிக் துறையைச் சேர்ந்தவர்களே, ஒரு காரணம் ஒரு நோயை விளைவிக்கிறதா என்று சோதிக்கப் பொதுச் சுகாதாரத்தில் பயன்படும் அளவுகோல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். எந்த அளவுகோலிலும் அது தேறவில்லை.

இரண்டாவது, "உள்ளார்ந்த பேரறிவு". உடலுக்குள் ஓர் அறிவு குடியிருக்கிறது, முதுகெலும்பைச் சீராக்கினால் அது எல்லாவற்றையும் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற எண்ணம். புண் ஆறுவதும் எலும்பு கூடுவதும் உண்மைதான். ஆனால் முதுகை அழுத்தினால் அந்த ஆற்றல் கூடும் என்பது தனி உரிமைகோரல். அதற்குச் சான்று வேண்டும், சான்று இல்லை.

இந்த இரண்டும் வேர்கள். கிளைகள் பல: வலியே இல்லாதவரும் ஆயுள் முழுக்க மாதந்தோறும் முதுகைச் சரிபார்க்க வேண்டும், பிறந்த குழந்தையையும் பார்க்க வேண்டும், காது வலி, வயிற்றுப் பிடிப்பு, படுக்கையில் சிறுநீர் கழித்தல் எல்லாம் முதுகில் தொடங்குகின்றன, முதுகு சீராக இருந்தால் தடுப்பூசி தேவையில்லை. கடைசியாகச் சொன்னதே என்னைத் தூங்கவிடாதது.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன?

டேனியல் டேவிட் பால்மர் என்ற ஒரு மனிதரிடமிருந்து. 1845இல் கனடாவில் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டாவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். 1895 செப்டம்பரில், தான் இருந்த கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லில்லார்ட் என்பவருடைய மேல்முதுகில் துருத்திய ஒரு முள்ளெலும்பை அழுத்தியதாகவும், பல ஆண்டுகளாகக் காது கேளாதிருந்த அவருக்குக் கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் எழுதினார். லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு மாதிரி இருக்கிறது.

காது கேட்கும் நரம்பு முதுகெலும்பின் பக்கமே போவதில்லை. உள்காதிலிருந்து கிளம்பி மண்டையோட்டுக்குள்ளேயே மூளையைச் சேர்ந்துவிடுகிறது. முதலாண்டு மாணவர் எவரும் உடற்கூறியல் வகுப்பில் இதைப் படிக்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம்மவர்கள் இதைத்தான் சொல்வார்கள். பனம்பழம் விழுந்ததா என்பதே ஐயம் என்பது வேறு.

அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து பால்மர், எல்லா நோய்களிலும் 95 விழுக்காடு முள்ளெலும்பு பிசகுவதால் வருகிறது, மீதி மற்ற மூட்டுகள் பிசகுவதால் வருகிறது என்ற முடிவுக்குப் போனார். இரண்டாண்டுகளில், 1897இல், பள்ளி தொடங்கினார். கண்டுபிடிப்பு சோதிக்கப்படும் முன்பே பாடமாகிவிட்டது. இன்றுவரை தொடரும் சிக்கலின் கரு இதுதான் என்று நினைக்கிறேன். மகன் பி.ஜே. பால்மர் அந்தப் பள்ளியைப் பெரிதாக்கினார். 1910இல் எக்ஸ்ரே கருவி வாங்கி "பிசகுகளை"ப் படம் எடுக்கவும் தொடங்கினார்.

பெரியம்மைத் தடுப்பூசி என்பது உடலில் அசுத்தத்தைச் செலுத்துவது என்று தந்தை பால்மர் எழுதினார். நோய்க்குக் காரணம் முதுகு என்றால் கிருமிக்கு அங்கே இடமில்லை. கிருமிக்கு இடமில்லை என்றால் தடுப்பூசிக்கும் இடமில்லை. முதல் படியில் சறுக்கியவர் கடைசிப் படிவரை உருண்டார்.

இது நூறாண்டுக்கு முந்தைய கதை. இன்றைய மாணவர்கள் உண்மையிலேயே இவற்றை நம்புகிறார்களா?

கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வட அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் 1,247 பேர் பதிலளித்தார்கள். சான்று அடிப்படையிலான மருத்துவத்தைக் கற்பது முக்கியம் என்று ஒப்புக்கொண்டவர்கள் 87 விழுக்காடு. முதுகெலும்பின் சப்லக்சேஷனை நீக்குவதே கைரோபிராக்டிக் சிகிச்சையின் குறி என்று ஒப்புக்கொண்டவர்கள் 61 விழுக்காடு. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. குறைந்தது ஏறத்தாழப் பாதி மாணவர்கள் சான்றையும் போற்றுகிறார்கள், சான்றில்லாத ஒன்றையும் தொழிலின் மையமாக வைக்கிறார்கள் என்று பொருள். அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவரே பதில் எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வம் மிகுந்தவர்கள் கூடுதலாகப் பதிலளித்திருக்கலாம்.

பிரான்சில் நடந்த ஆய்வு ஒன்று வேறு கோணத்தில் போனது. மாணவர்களிடம் நோயாளிகளின் நிலையை விவரித்து, இவருக்குச் சிகிச்சை தருவீர்களா என்று கேட்டார்கள். சிகிச்சை ஆபத்தான இடத்தைப் பெரும்பாலோர் அடையாளம் கண்டார்கள். தேவையே இல்லாத இடத்தில்தான் தடுமாறினார்கள். பழைய சித்தாந்தத்தில் ஊறியவர்கள் கூடுதலாகத் தடுமாறினார்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லத் தெரிவது மருத்துவத்தின் பெரிய திறமை. இந்த நம்பிக்கை முதலில் பறிப்பது அதைத்தான்.

நாலு வருடம் படித்தால் தெளிவு வந்துவிடாதா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டொராண்டோவில் உள்ள கனடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரியில் எடுத்த கணக்கெடுப்பைப் படித்தபோது அந்த எண்ணம் உடைந்தது.

1999–2000 கல்வியாண்டில் அங்கே படித்த நான்கு ஆண்டு மாணவர்களிடமும் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டார்கள். 621 பேரில் 467 பேர், அதாவது முக்கால்வாசிப் பேர், பதில் தந்தார்கள். முடிவு 2002இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. முதலாண்டு மாணவர்களில் தடுப்பூசியை ஆதரித்தவர்கள் 60.7 விழுக்காடு. நான்காம் ஆண்டில் 39.5. எதிர்ப்பவர்களோ முதலாண்டில் 4.5 விழுக்காடு, கடைசி ஆண்டில் 29.4.

அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கிருமியியலும் நோய் எதிர்ப்பியலும் படித்து முடித்த பிறகு, வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு நோயாளியைத் தொடத் தொடங்கும் ஆண்டில், எதிர்ப்பு கூடியிருக்கிறது. ஒரே மாணவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு இது இல்லை. ஒரே காலத்தில் நான்கு வகுப்புகளையும் கேட்டது. ஆகவே வகுப்புக்கு வகுப்பு இயல்பாக வேறுபாடு இருந்திருக்கலாம். ஆனாலும் இவ்வளவு பெரிய இறக்கத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

இன்னும் முக்கியமானது, மாணவர்கள் இதை எங்கே கற்றார்கள் என்பது. கல்லூரியின் முறையான பாடத்திட்டம் தடுப்பூசிக்கு எதிராக இல்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்த சொற்பொழிவுகள், துறைக்குள் சுற்றும் எழுத்துகள் போன்றவற்றையே தடுப்பூசி பற்றிய தகவலுக்குப் பல மாணவர்கள் நம்பியிருந்தார்கள். வகுப்பறையில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று. தாழ்வாரம் வென்றது.

உடற்கூறியலையும் நோயியலையும் படித்துக்கொண்டே இதை எப்படி நம்ப முடிகிறது?

அமெரிக்காவில் இந்தப் பட்டத்துக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் படிக்க வேண்டும். அறிவு குறைந்தவர்கள் நுழையும் படிப்பு இல்லை. அந்த மாணவர்களை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏளனம் செய்தால் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் ஆட்களோடு மட்டும் பேசுவார்கள். நம்பிக்கை இன்னும் இறுகும்.

பலர் இந்தப் படிப்புக்கு வருவதற்கே ஒரு சொந்தக் கதை இருக்கிறது. பள்ளி நாளில் விளையாடி முதுகு பிடித்துக்கொண்டது, மாத்திரையில் தீரவில்லை, கைரோபிராக்டர் ஒருவர் தொட்டார், எழுந்து நடந்தேன் என்பது போன்ற கதை. அந்த வலியும் நிம்மதியும் உண்மை. முதுகுவலியின் போக்கும் அவர்களுக்குத் துணைபோகிறது: பெரும்பாலான திடீர் முதுகுவலி சில வாரங்களில் தானாகவே தணிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் சிகிச்சைக்குப் போவார்கள். அதன்பின் குறைவதெல்லாம் சிகிச்சையின் கணக்கில் ஏறும். தன் உடம்பில் கண்டதைப் புத்தகம் மறுத்தால் மனிதர் புத்தகத்தையே சந்தேகிப்பார்.

பிறகு அடையாளம். இயன்முறை மருத்துவரும் முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை செய்கிறார், உடற்பயிற்சி சொல்லித் தருகிறார். அப்படியானால் நான் யார்? இந்தக் கேள்வி இருபது வயதில் கனமானது. "நாங்கள் வலியைப் பார்ப்பதில்லை, நோயின் மூலத்தைப் பார்க்கிறோம்" என்ற பதில் இனிக்கிறது. அதற்குள் நுழைந்துவிட்டால் சப்லக்சேஷனைக் கைவிடுவது தன்னையே கைவிடுவதுபோல ஆகிவிடுகிறது.

பணமும் உண்டு. அமெரிக்காவில் இந்தப் படிப்பைப் பெரும்பாலும் தனியார் கல்லூரிகளே நடத்துகின்றன. மாணவர்கள் கடன் சுமையோடு வெளியே வருகிறார்கள். முதுகு வலிப்பவர் நாலைந்து முறை வந்து நின்றுவிடுவார். "ஆயுள் முழுக்கப் பராமரிப்பு" என்று நம்பும் குடும்பம், குழந்தை குட்டிகளோடு மாதாமாதம் வரும். இந்த நம்பிக்கையைப் பணத்துக்காகவே பரப்புகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மனதார நம்புபவர்களே அதிகம். ஆனால் வருமானம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மனம் சாய்வதை மாணவர் உணர்வதில்லை.

ஒருவர் எதையோ நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?

குழந்தைக்கு. 2019இல் ஆஸ்திரேலியாவில், பிறந்து இரண்டே வாரமான குழந்தையைக் கைரோபிராக்டர் ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சிகிச்சை செய்யும் காணொளி பொதுவெளிக்கு வந்தது. நாடே கொதித்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பைக் கையாளக் கூடாது என்று கைரோபிராக்டிக் வாரியம் இடைக்காலத் தடை விதித்தது. 2023இல் அந்தத் தடையை வாரியம் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் எதிர்த்ததால் 2024இல் மீண்டும் கொண்டுவந்தது. வாய் பேசாத சிசுவுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அதன் முதுகில் "பிசகு" கண்டதாகச் சொல்பவரை மறுக்கவும் அதனால் முடியாது.

தடுப்பூசி போடாமல் விட்ட பிள்ளைக்கும் நட்டம், அந்தப் பிள்ளையோடு ஒரே வகுப்பில் உட்காரும் நோஞ்சான் பிள்ளைக்கும் நட்டம். தேவையில்லாத எக்ஸ்ரே கதிர்வீச்சும் நட்டமே. கழுத்தை வேகமாகத் திருப்புவதற்கும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நெடுங்காலமாக விவாதம் நடக்கிறது. அப்படி நேர்வது மிக அரிது. ஆனால் பயனே இல்லாத ஒரு காரணத்துக்காகக் கழுத்தைத் திருப்பும்போது அந்த அரிய ஆபத்தைக்கூட ஏன் ஏற்க வேண்டும்?

2020 மார்ச்சில் கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, முதுகெலும்புச் சிகிச்சைக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பு காட்ட முயன்று அமெரிக்கச் சங்கம் ஒன்று அறிக்கை வெளியிட்டது. உலகக் கைரோபிராக்டிக் கூட்டமைப்பு உடனே அதற்கு எதிர்நிலை எடுத்து, அப்படி விளம்பரம் செய்ய நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. துறைக்குள்ளேயே இந்தச் சண்டை நடக்கிறது என்பதை வெளியிலிருப்பவர்கள் கவனிப்பதில்லை.

அப்படியானால் கைரோபிராக்டிக் முழுதும் பொய்யா?

இல்லை. கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்புக் கைச்சிகிச்சை ஓரளவு பயன் தருகிறது. உடற்பயிற்சி போன்ற மற்ற பரிந்துரைக்கப்பட்ட வழிகளுக்கு ஏறக்குறைய நிகரான பயன். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், மருந்துக்கு முன் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் இதையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டனின் வழிகாட்டி, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கருதலாம் என்கிறது. இந்த அளவுக்குள் நின்று நேர்மையாக வேலை செய்யும் கைரோபிராக்டர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரும் சேர்ந்து கெடுவது எனக்கு வருத்தமே.

மருத்துவர்கள் பொறாமையால் இவர்களை ஒடுக்கினார்கள் என்கிறார்களே?

ஒடுக்கியது உண்மை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவத்துக்கு எதிராகக் குழு அமைத்து, கைரோபிராக்டர்களோடு மருத்துவர்கள் எந்தத் தொழில் உறவும் வைத்துக்கொள்ளாமல் தடுத்தது. செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சில கைரோபிராக்டர்களும் 1976இல் வழக்குத் தொடுத்தார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், சங்கம் வணிகப் போட்டிச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார்.

கல்லூரிகளில் இந்த வெற்றியைப் பெருமையோடு சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் நீதிமன்றம் தீர்த்தது வணிகத் தடையை. முதுகெலும்பு பிசகினால் நோய் வருமா என்பதை அது தீர்க்கவில்லை. ஒடுக்கப்பட்டவர் சொல்வதெல்லாம் உண்மை என்று ஆகாது. அடிபட்ட நினைவு இளம் மாணவர் மனதில் கோட்டைச்சுவர்போல நிற்கிறது. உள்ளே வரும் நியாயமான விமர்சனத்தையும் பகைவனின் அம்பாகவே அது பார்க்க வைக்கிறது.

ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் மன்றம் 2010இல், சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது. ஐரோப்பியக் கல்லூரிகள் பல ஒன்றுகூடி, அக்கருத்தை வரலாறாக அன்றி வேறெப்படியும் கற்பிப்பது பொருந்தாது என்று கையெழுத்திட்டன. வேறு சில கல்லூரிகள், குறிப்பாக அமெரிக்காவில், பழைய சித்தாந்தத்தையே தங்கள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. இரண்டு இடத்திலும் கிடைப்பது ஒரே பெயர் கொண்ட பட்டம்தான். நோயாளிக்கு வேறுபாடு தெரியாது.

எனக்கு நம்பிக்கை தரும் செய்தி அதே டொராண்டோ கல்லூரியிலிருந்துதான் வருகிறது. பத்தாண்டுக்குப் பிறகு, 2011இல், அங்கே மறுபடியும் மாணவர்களைக் கேட்டார்கள். தடுப்பூசிக்கு ஆதரவானவர்கள் ஏறத்தாழ 84 விழுக்காடு; எதிர்ப்பவர்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். அதே நகரம், அதே தொழில், அதே வயதுப் பிள்ளைகள். மாற்றத்தில் எவ்வளவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் "இந்த மாணவர்களே இப்படித்தான்" என்று பேசுபவர்களுக்கு அந்த 84 பதில் சொல்லிவிட்டது.

என் மகள் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறாள். எதைப் பார்க்க வேண்டும்?

அவளைத் திட்டாதீர்கள். கல்லூரியைப் பார்க்க அவளோடு போங்கள். சப்லக்சேஷன் அங்கே வரலாற்றுப் பாடத்திலா, சிகிச்சைப் பாடத்திலா என்று கேளுங்கள். மாணவர் சங்கம் கடந்த ஆண்டு யாரையெல்லாம் பேச அழைத்தது என்று கேளுங்கள். பாடத்திட்ட நூலைவிட அந்தப் பட்டியல் கூடுதலாகச் சொல்லும். பயிற்சி மருத்துவமனையில் வருவோர் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கிறார்களா, வலியில்லாத குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறார்களா என்று பாருங்கள். மருத்துவர்களோடும் இயன்முறை மருத்துவர்களோடும் சேர்ந்து பயிற்சி பெற வாய்ப்பு உண்டா என்றும் விசாரியுங்கள்.

பிறகு கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "நோய் ஒன்றுமில்லாத குழந்தையை ஒரு தாய் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பதிலை அவளே கேட்கட்டும்.